நாகைக் கடற்கரையின் நுளைப்பாடி

சோழ வளநாட்டின் கீழ்த்திசை எல்லையாய் விளங்குவது வங்கக் கடல். அக்கடற்கரைத் திருத்தலங்களுள் தொன்மையும் பெருமையும் ஒருங்கே வாய்ந்தது திருநாகைக் காரோணம். ஞானசம்பந்தர், நாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடல் பெற்ற இத்தலத்தில் காயாரோகணப் பெருமானும் நீலாயதாட்சி அம்மையும் எழுந்தருளியிருக்கின்றனர். சப்த விடங்கத் தலங்கள் ஏழனுள் இதுவும் ஒன்று. இங்குள்ள சுந்தர விடங்கப் பெருமான் ஆடும் ஆடலுக்குப் பாராவார தரங்க நடனம் என்று பெயர். பாராவாரம் என்பது கடல். தரங்கம் என்பது அலை. அலை எழுந்து, தாழ்ந்து, மீண்டும் எழுவது போன்ற ஆடல் என்பது கருத்து. நாகைக் கரையில் நின்று கடலைச் சிறிது நேரம் நோக்குவோர்க்கு அப்பெயரின் பொருத்தம் தானே விளங்கும்.

இத்தலத்தை அடுத்து, கடலலை வந்து தொடும் மணற்பரப்பில், ஒரு சிற்றூர் இருந்தது. அதன் பெயர் நுளைப்பாடி. நுளையர் என்பது நெய்தல் நில மக்களுக்கு வழங்கிய பழம்பெயர்களுள் ஒன்று. அவர்கள் கூடி வாழ்ந்த இடம் ஆதலின் நுளைப்பாடி ஆயிற்று. இந்நாளில் நம்பியார் நகர் என வழங்கும் மீனவர் குடியிருப்பே அப்பழம்பதி என்று மரபாகச் சுட்டப் பெறுகிறது. அறுபத்து மூவருள் ஒருவராகிய அதிபத்த நாயனார் அவதரித்த ஊர் அதுவே.

பட்டினமும் பாடியும்

நாகப்பட்டினத்தின் வரலாற்றை எழுதுவோர் அதன் துறைமுகத்தைப் பற்றியே விரித்து எழுதுவர். அதற்குக் காரணமும் உண்டு. முதலாம் இராசராச சோழன் காலத்தில் ஸ்ரீவிசய நாட்டு மன்னன் இங்கே சூடாமணி விகாரம் என்னும் புத்தப் பள்ளியை எடுப்பித்தான். அப்பள்ளிக்கு இராசராசன் ஏறத்தாழ 1006 ஆம் ஆண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததைச் செப்பேடுகள் விரிவாகக் கூறுகின்றன. பின்னர்ப் போர்த்துக்கீசியர் வந்தனர். 1658 ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இவ்வூரைக் கைக்கொண்டனர். 1781 ஆம் ஆண்டில் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மலாயா நாட்டிற்குப் பிழைப்பை நாடிச் சென்ற தமிழ் மக்களுள் பலர் இத்துறையிலிருந்தே கப்பல் ஏறினர்.

இவை அனைத்தும் வந்து போயின. சூடாமணி விகாரத்தின் எச்சமாக நின்று, கடலோடிகளுக்கு அடையாளமாகவும் விளங்கிய பழைய கோபுரம் 1867 ஆம் ஆண்டில் இடிக்கப் பெற்றது. டச்சுக்காரர் ஆட்சியும் மறைந்தது. ஆங்கிலேயர் ஆட்சியும் மறைந்தது. மலாயாக் கப்பல்களும் நின்றன. ஆயினும் விடியுமுன் எழுந்து கடலுக்குச் செல்வோரும், அவர் வரவை எதிர்நோக்கிக் கரையில் நிற்போரும் இன்றளவும் அங்கே இருக்கின்றனர். பெருந்துறையின் பெருமையைச் செப்பேடு பொறித்து வைத்தது. அதன் பக்கத்தே இருந்த சிற்றூரின் வாழ்வைப் பொறித்து வைத்தது பெரிய புராணம் ஒன்றே.

சேக்கிழார் கண்ட நுளைப்பாடி

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சேக்கிழார் பெருமான் சோழப் பேரரசில் உயர்ந்த பதவி வகித்தவர். யானைகளையும் குதிரைகளையும் மணிகளையும் துகில்களையும் கொணர்ந்து குவிக்கும் மரக்கலங்களை நாகையில் அவர் காணாமல் இல்லை. நகரத்தின் சிறப்பாக அவற்றைப் பாடிவிட்டு, அம்மட்டில் நிறுத்தாமல், நுளைப்பாடியின் உள்ளே நம்மை அழைத்துச் செல்கின்றார். அங்கே நாம் காண்பன யாவும் மீனவர் நாள்தோறும் காண்பனவே. குடிசைகளின் புறத்தே உலர்த்திய வலைகள் மேகங்கள் படிந்தாற்போல் தோன்றுகின்றன. மீன் விற்ற பொன் குவிந்து கிடக்கின்றது. வெயிலில் காயும் மீனைக் கவர்ந்து செல்ல விரும்பிக் குருகுகள் வந்து அமர்கின்றன. புன்னை மரச் சோலை நிழல் தருகின்றது.

காட்சியோடு ஒலியையும் சேக்கிழார் கேட்பிக்கின்றார். வலையின் நீண்ட வடத்தைப் பற்றி இழுப்பவர் எழுப்பும் ஒலி. மீன் குவியல்களை விலை கூறி விற்பவர் அழைக்கும் ஒலி. வெண்சங்குகளைச் சொரிபவர் செய்யும் ஒலி. இம்மூன்றும் கூடிக் கடலின் முழக்கத்திற்கு எதிரொலி போல் இருந்தன என்பது அவர் வாக்கின் கருத்து. அரசவையில் இருந்தவர் ஒருவர் மீனவர் கரையின் ஓசையை இவ்வளவு நுட்பமாகக் கேட்டுப் பாடியிருப்பது வியக்கத்தக்கது. அவ்வோசைகளுள் முதலிரண்டைச் சோழ மண்டலக் கரையில் இந்நாளிலும் கேட்கலாம்.

சங்க காலத்துப் பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரைப் பற்றிக் கூறும். நிறைமதி நாளில் அவர்கள் கடல்மேற் செல்லாது தங்கி, சுறாமீனின் கொம்பை நட்டு அதன்கண் தெய்வத்தை வழிபட்டனர் என்பது அந்நூலால் அறியப்படும் செய்தி. எந்தக் கடலில் உயிரைப் பணயம் வைத்தனரோ அந்தக் கடலின் பொருளையே தெய்வத்தின் உருவாக அவர்கள் கொண்டனர். இது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

கடல்மேற் செல்லும் வாழ்க்கை

கடற்கரைச் சிற்றூரின் நாள் இரவிலேயே தொடங்குகிறது. கோழி கூவுமுன் எழுந்த ஆடவர் வானத்தையும் காற்றையும் பார்ப்பர். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். தெற்கிலிருந்து வருவது சோழகம். எக்காற்றில் எம்மீன் வரும், எந்நீரோட்டத்தில் வலை தங்கும், எந்நாளில் கடலில் இறங்கலாகாது என்பவற்றையெல்லாம் ஏடு பாராமல் அறிந்தவர்கள் அவர்கள். தந்தையிடம் கேட்டும், தமையனோடு சென்றும் பெற்ற கல்வி அது. கரையை விட்டு நெடுந்தொலைவு சென்ற பின் கோயிற் கோபுரமும் பனைமரக் கூட்டமும் கலங்கரை விளக்கமுமே அவர்க்கு வழிகாட்டி. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பர் பெரியோர். கடலில் நிற்பவனுக்கு அது வீடு திரும்பும் வழியும் ஆகும்.

பல நூற்றாண்டுகளாக அவர்களுடைய கலம் கட்டுமரம். எடை குறைந்த மரத்துண்டுகளைக் கயிற்றால் இறுகப் பிணைத்து அமைத்தது அது. கரை திரும்பியதும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவர். ஊறிய மரம் மிதவாது ஆதலின் மரத்திற்கும் ஓய்வு வேண்டும். கரைவலை இழுக்கும் முறை வேறு. வலையின் ஒரு புறத்து வடத்தைக் கரையில் நிற்போர் பற்றிக்கொள்ள, படகு கடலுக்குள் சென்று வளைந்து வலையை இறக்கிவிட்டு, மறுபுறத்து வடத்தைச் சற்றுத் தொலைவில் கரை சேர்க்கும். பின்னர் இரு திறத்தாரும் ஒத்த குரலில் பாடிக்கொண்டு இழுப்பர். வலையின் நடுவே உள்ள மடியில் மீன் கரையேறும். சில நாள் மடி நிறையும். சில நாள் பாசியும் நுரையுமே வரும். இரண்டு நாளுக்கும் உழைப்பு ஒன்றே.

மீன் கரை சேர்ந்தபின் பெண்டிரின் உழைப்பு தொடங்குகிறது. பிடித்ததைத் தரம் பிரித்து, கூடையில் ஏற்றித் தலைச்சுமையாக அயலூர்களுக்குச் சென்று விற்றவர்கள் அவர்களே. விற்காததை உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்குவதும் அவர்கள் கைப்பணியே. வீட்டின் கணக்கு அவர்கள் முந்தானையில் இருந்தது என்று கூறினும் மிகையாகாது. பாட்டிற்கு வந்த மீனின் விலை படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்காகப் பிரியும். ஊரில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. ஊர்ப் பஞ்சாயத்தார் தலைக்கட்டு வரி தண்டித் திருவிழா நடத்துவர், வழக்குத் தீர்ப்பர், ஊருக்குப் பொதுவான நாளில் ஒருவரும் கடலில் இறங்கலாகாது என்று கட்டுப்பாடு விதிப்பர்.

உழவனுக்கும் மீனவனுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. உழவன் விதைத்து அறுக்கின்றான். மீனவனோ தான் விதையாததை அறுக்கின்றான். கடலில் அவன் உழுத சால் அடுத்த அலையில் மறைந்து விடும். வலையில் வந்தது தன் உழைப்பால் வந்தது எனினும், தன்னால் உண்டாக்கப்பட்டது அன்று என்பதை அவன் நாள்தோறும் கண்கூடாக உணர்கின்றான். இவ்வுணர்ச்சியே நுளைப்பாடியில் ஓர் அடியாரை உருவாக்கியது.

முதல் மீன்

அதிபத்தர் நுளைப்பாடியில் பரதவர் குலத் தலைவராய்த் திகழ்ந்தவர். தொழிலில் வல்லவர், செல்வத்தில் குறைவற்றவர். தம் ஆட்கள் வலைவீசிப் பிடிக்கும் மீன்களுள் தலையாய ஒன்றை, இது சிவபெருமானுக்கு உரியது என்று கடலிலேயே விட்டுவிடுவதை அவர் நியமமாகக் கொண்டார். பல மீன் கிடைத்த நாளிலும் ஒன்று. ஒன்றே கிடைத்த நாளில் அந்த ஒன்றும் அவனுக்கே.

இந்த நியமத்தை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும். கோயிலுக்குக் கொண்டு சென்று கொடுக்கும் பொருள் பலர் கண்ணில் படும், கல்வெட்டில் ஏறும். கடலில் விட்ட மீனோ ஒருவர் கண்ணிலும் நில்லாது. அதற்குச் சான்று கடல் ஒன்றே. இன்னும், விடப்பட்ட மீன் உயிரோடு நீந்திச் செல்லும். எடுத்த இடத்திலேயே கொடுப்பதும், கொடுத்ததைத் தாமே மறப்பதும் ஆகிய இரண்டும் அதிபத்தர் செய்த அருச்சனை.

பின்னர்ப் பஞ்சம் வந்தது. கடல் தன் கையை மூடிக்கொண்டது. நாள்தோறும் ஒரு மீனே வலையில் அகப்பட்டது. அவ்வொன்றையும் அவர் இறைவனுக்கே விட்டார். பெருஞ்செல்வம் தேய்ந்தது. சுற்றத்தார் உணவின்றி வாடினர்; தாமும் உடல் தளர்ந்தார். சேக்கிழார் இதனை மறைக்கவில்லை. அடியாரின் பெருமையைக் கூறுமிடத்தில் அவர் வீட்டாரின் பசியையும் சேர்த்தே கூறுகின்றார்.

சுற்றத்தார் பசித்திருக்கக் கைக்கு வந்ததைக் கடலில் விடுதல் தகுமா என்று ஐயுறுவார் இருக்கலாம். அவ்வையம் பொருளற்றது அன்று. கடற்குடி வாழ்வை அறிந்தார்க்கு ஒரு விடை தோன்றும். ஒரு மீனால் ஒரு பாடியின் பசி தீராது. ஆனால் தலைவன் ஒருவன் இன்று இடர் வந்தது என்று தன் நியமத்தைக் கைவிட்டால், நாளை சிறிய இடருக்கும் கைவிடுவான். அவனைப் பார்த்து ஊரும் கைவிடும். புயலில் கயிற்றை விட்டவனால் பிறரையும் காக்க முடியாது. அதிபத்தர் பற்றியிருந்தது அத்தகைய கயிறு. அவர் பிறரைப் பசிக்க வைத்துத் தாம் உண்டவர் அல்லர். அவர்களோடு தாமும் பசித்தவர். மனம் மட்டும் மகிழ்ந்திருந்தார் என்பது புராணம்.

அந்நிலையில் ஒரு நாள் வலையில் ஒரே மீன் வந்தது. பொன்னால் ஆகி, நவமணிகள் பதித்தாற்போல் ஒளிவீசிய மீன் அது. வலைஞர் திகைத்தனர், தலைவரிடம் வந்து கூறினர். அம்மீன் ஒன்றே அவர்கள் வறுமையை முற்றும் நீக்கப் போதியது. அதிபத்தரோ, இஃது என்னை ஆளுடைய நாயகனுக்கே உரியது என்று அதனையும் அலைமேல் விட்டார். விடைமேல் உமையம்மையோடு தோன்றிய பெருமான் அவரை ஆட்கொண்டருளினார்.

கேட்டவரும் விட்டவரும்

நாகைக் காரோணத்தில் நிகழ்ந்த மற்றொரு செய்தி இதனோடு வைத்து எண்ணத்தக்கது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் இத்தலத்திற்கு எழுந்தருளியபோது பெருமானிடம் பொன்னும் மணியும் ஆடையும் சாந்தும் குதிரையும் உரிமையோடு கேட்டுப் பதிகம் பாடினார். கேட்டவற்றைப் பெற்றும் மகிழ்ந்தார். ஒரே கடற்கரையில், ஒரே பெருமானிடம், ஒருவர் பொன்னைக் கேட்டார். மற்றொருவர் வந்த பொன்னையும் திருப்பிக் கொடுத்தார். இருவரும் நாயன்மாரே. தோழமையால் கேட்பதும் அன்பு. தொண்டினால் கொடுப்பதும் அன்பு. எனினும், அவ்வாறு கேட்கும் உரிமை பெற்ற சுந்தரரே தம் திருத்தொண்டத்தொகையில் கடல் சூழ்ந்த நாகையின் அதிபத்தருக்குத் தாம் அடியேன் என்று பணிகின்றார். ஆரூரில் அமர்ந்து அடியார்களை எண்ணியபோது, வலைவீசும் குலத்தில் வந்த ஒருவர் அவர் திருவுள்ளத்தில் இடம் பெற்றார். பிறப்பையும் தொழிலையும் கடந்து தொண்டினை மட்டுமே அளந்து நோக்கிய சைவ நெறியின் உயர்வு இங்கே விளங்கும்.

கடல் எடுத்த நாள்

கடல் கொடுப்பது மட்டும் அன்று, எடுப்பதும் உண்டு. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள், மார்கழித் திங்களின் நிறைமதி நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஆழிப்பேரலை நாகைக் கரையின்மேல் ஏறியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் பேரிழப்பு எய்திய மாவட்டம் அதுவே. ஆழ்கடலில் இருந்தோர் பலர் அலையை உணராமலே பிழைத்திருக்க, கரையில் மீனுக்காகக் காத்திருந்த பெண்டிரும் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளும் பெருந்தொகையாக மாண்டனர். கடலுக்குச் சென்றவனைப் பற்றிக் கரை அஞ்சுவதே மீனவர் வாழ்வின் பழைய முறை. அன்று திரும்பி வந்தவன் கரையைக் கண்டு அழுதான்.

பின்னர்ச் சில மாதங்கள் கடலில் இறங்கப் பலர் மனம் கொள்ளவில்லை. கடல் மீனை உண்ணவும் மக்கள் அஞ்சினர். நாடெங்கிலுமிருந்து உதவி வந்தது. கரையைவிட்டுத் தள்ளிப் புதிய குடியிருப்புக்கள் எழுந்தன. பல ஊர்களில் கட்டுமரம் இருந்த இடத்தில் கண்ணாடி இழைப் படகுகள் வந்தன. 2018 ஆம் ஆண்டு நவம்பரில் கசா புயல் வேதாரணியத்தை அடுத்துக் கரை கடந்தபோது இக்கரை மீண்டும் துன்புற்றது. மீண்டும் வலைகள் தைக்கப் பெற்றன. மீண்டும் படகுகள் இறங்கின. பெயர் தெரியாத எத்தனையோ குடும்பங்களின் பொறுமை இவ்வரலாற்றின் அடியில் கிடக்கின்றது.

இக்காலத்தில் மீன்வளம் பெருகும் பொருட்டு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கீழைக்கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. இதனையும் அதிபத்தர் நியமத்தையும் ஒன்றென்று கூறுதல் பொருந்தாது. முன்னது சட்டம், பின்னது பக்தி. ஆயினும் கையில் வருவதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாகாது, கடலுக்கும் ஒரு பங்கு விட வேண்டும் என்ற எண்ணம் நுளைப்பாடிக்குப் புதிதன்று.

பொன்மீன் விழா

ஆவணித் திங்கள் ஆயிலிய நாள் அதிபத்தர் திருநாள். அந்நாளில் நாகைக் கடற்கரையில் நிகழும் விழா காணக் கண்கோடி வேண்டுவது. நாயனாரின் திருவுருவைப் படகில் ஏற்றிக் கடலுள் கொண்டு செல்வர். பொன்மீனை அலையில் விடும் நிகழ்ச்சி நடைபெறும். கரையில் பெருமான் அம்மையோடு விடைமேல் எழுந்தருளிக் காட்சி தருவார். அன்று இறைவன் தன் கோயிலை விட்டு மீனவரை நாடிக் கடற்கரைக்கு வருகின்றான். ஆண்டு முழுதும் கோபுரத்தைக் கடலிலிருந்து கண்டு கும்பிடுவோர், அந்நாளில் கோயிலுக்கு உரியவனைத் தம் மணலிலேயே கண்டு கும்பிடுகின்றனர். பேரலையில் மக்களை இழந்த கரையிலேயே, அதே கடலை நோக்கி, பொன்மீன் விடப்படுகின்றது. அதைக் காணும் தாய்மாருள் எத்தனை பேர் என்ன நினைந்து கைகூப்புகின்றனர் என்பதை அப்பெருமானே அறிவான்.

திருக்கோயில் திருப்பணிக்குப் பொருள் வழங்கும் அன்பர்களுக்கு அதிபத்தர் வரலாறு ஓர் அளவுகோலைத் தருகின்றது. மிகுந்ததிலிருந்து கொடுப்பதும் நற்கொடையே. அதனால் கோபுரங்கள் எழுகின்றன, விளக்குகள் எரிகின்றன. ஆனால் குறைந்த நாளிலும் முதற்பங்கு அவனுக்கு என்று வைத்தவன் கொடுத்தது ஒரே ஒரு மீன். அதன் விலையை எந்தக் கணக்கரும் எழுத இயலாது. கும்பாபிடேகத்திற்கு ஆயிரம் பொன் அளித்தாரும், தம் ஒரு நாட் கூலியை மடித்து உண்டியலில் இட்டாரும் ஒரே கலச நீரை ஏற்கின்றனர் என்பதை நுளைப்பாடியின் நாயனார் நமக்கு உணர்த்துகின்றார்.

நாளை விடியுமுன்னும் நாகைக் கரையில் படகுகள் இறங்கும். அவற்றில் செல்வோர் அனைவரும் நலமே கரை சேர்க. அவர்தம் மடி நிறைக. நீலாயதாட்சி அம்மையின் கண்ணருள் கடலிலும் கரையிலும் காக்க.

அதிபத்தர் திருவடி வாழ்க!